ஒரே 38 டிகிரி, இரண்டு கூரைகள்

சித்திரை மாதத்து நடுப்பகல். அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒரு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, பக்கத்து மாடியில் கீற்றுக் கொட்டகை. இரண்டின் நிழலிலும் தலா ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் திறந்து காற்று தாராளமாக வந்துபோகும் இடமென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். 38 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தகரத்தின் அடியில் சிறிது நேரம் உட்காருவதே பெரும்பாடு. கீற்றின் அடியில் பாய் விரித்துக் கண்ணயரலாம். வெப்பமானிக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று நம் தோலுக்குப் பிடிபடுகிறது.

அதை அளக்க 1930-களில் இங்கிலாந்து உடலியல் ஆய்வாளர் வெர்னான் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள செம்பு உருண்டை, உள்ளே ஒன்றுமில்லை, வெளியே கறுப்புப் பூச்சு, நடுவில் ஒரு வெப்பமானி. அவ்வளவுதான். சாதாரண வெப்பமானி காற்றின் சூட்டைச் சொல்கிறது. இந்தக் கறுப்பு உருண்டையோ கூரை, சுவர், தரை, வானம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து விழும் கதிர்களையும் வாங்கிக்கொள்கிறது. அதன் அளவீட்டிலிருந்து 'சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை' என்ற எண்ணைக் கணக்கிடலாம். சுற்றியுள்ள பரப்புகள் எல்லாம் சேர்ந்து நம் மேல் வீசும் வெப்பத்தை ஒரே எண்ணில் சொல்வது அது. காற்று 38 டிகிரியில் இருக்கும்போது, வெட்டவெளி வெயிலில் இந்த எண் 60-ஐத் தாண்டிப் போகும்.

முற்றமோ திண்ணையோ மாடியோ, வெளியில் உட்காரும் இடத்தைக் குளுமையாக்க நினைப்பவர் கையில் இருக்கும் முதல் பிடி இந்த எண்தான். காற்றைக் குளிர்விக்கலாமே என்று தோன்றும். 10 அடி அகலமுள்ள ஒரு முற்றத்தில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசுகிறது என்றால், அங்கே இருக்கும் காற்று முழுவதும் 3 விநாடிக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. அதைக் குளிர்விக்க எந்த இயந்திரத்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே உடம்புக்கு வரும் வெப்பத்தைத் தடுப்பது, உடம்பிலிருந்து போகும் வெப்பத்துக்கு வழிவிடுவது என்று இரண்டே வேலைகள்தான் மிஞ்சுகின்றன. நம் ஊர்ப் பந்தல்காரர்கள் இந்த இரண்டையும் சூத்திரம் எதுவும் இல்லாமலே செய்துவந்திருக்கிறார்கள்.

உடம்பின் கணக்கிலிருந்து தொடங்குவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்று 35-க்குக் கீழே இருந்தால் அந்த 100 வாட்டில் ஒரு பங்கு தானாகவே காற்றுக்குப் போய்விடும். 35-ஐத் தாண்டியதும் அந்த வழி அடைபடுகிறது. எதிர்த்திசையில் வெப்பம் உள்ளே வரவும் தொடங்குகிறது. அப்போது மிச்சமிருக்கும் ஒரே வாசல் வியர்வை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதன்படி 100 வாட்டை வெளியேற்ற மணிக்கு 150 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். நாமறியாமலே அது நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மேல் வெயில். நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் கிட்டத்தட்ட 1,000 வாட்: ஒரு இஸ்திரிப்பெட்டி முழுச் சூட்டில் இருப்பது போல. அதனால் நிழல்தான் முதல் மருந்து என்பது யாருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது, நிழல் தரும் பொருளும் சுடும் என்பது. எல்லாப் பொருள்களும் தம் சூட்டுக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. பரப்பின் வெப்பநிலையைத் தனிச்சுழியிலிருந்து, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணி, அதை நான்கு முறை தன்னோடு தானே பெருக்கினால் வருவதற்கு ஏற்றாற்போல் இந்தக் கதிர்வீச்சு இருக்கும். 1879-இல் யோசெப் ஸ்டெஃபான் சோதனை முடிவுகளிலிருந்து இதைக் கண்டார். 1884-இல் அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் கோட்பாட்டின் வழியாக இதை நிறுவினார். நான்கு முறை பெருக்குவதால் சிறிய சூட்டு வேறுபாடும் பெரிதாகிவிடுகிறது. துருவேறிய தகரமோ சிமெண்டு ஷீட்டோ வெயிலில் 60 டிகிரியைத் தொட்டால், அதன் அடிப்பக்கம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 700 வாட்டைக் கீழே வீசும். அதுவே 40 டிகிரியில் இருந்தால் சுமார் 540 வாட்தான். தாழ்வான, சூடேறிய ஷீட்டின் கீழே உட்கார்ந்திருப்பவர் மேல் இப்படிக் கூடுதலாக 60, 70 வாட் வந்து சேர்கிறது. அதைச் சமாளிக்க உடம்பு மணிக்கு இன்னொரு 100 மில்லிலிட்டர் வியர்வையைச் செலவழிக்க வேண்டும். தகரத்தின் கீழே வரும் அந்தத் தகிப்பு இதுதான். வெப்பமானி அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது கீற்றுக்கு வருவோம். தென்னை மட்டையை ஊறவைத்து, ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பின்னிய கிடுகை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வேய்கிறார்கள். மேல் ஓலை வெயிலை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு கீழே வர வேண்டுமென்றால் ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே அடைபட்ட காற்றைத் தாண்ட வேண்டும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதையும் தாண்டி வந்தால் இரண்டாவது அடுக்கு, பிறகு மூன்றாவது. நம்மைப் பார்த்துக் கதிர்வீசுவது கடைசி அடுக்கின் அடிப்பக்கம் மட்டுமே. அது காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கிறது.

அதைவிட நுட்பமான ஒன்று ஓலையின் அகலத்தில் இருக்கிறது. வெயிலில் கிடக்கும் எந்தப் பரப்பின் மீதும் மெல்லிய காற்றுப்படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பரப்பு நீளமாகப் போகப் போக அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவது கடினமாகும். 10 அடி தகரத்தின் நடுவில் அது தடித்துப்போகிறது. இரண்டு விரல் அகலமுள்ள ஓலைக்கீற்றில் படலம் தடிப்பதற்குள் விளிம்பு வந்துவிடுகிறது. அடுத்த கீற்றில் மறுபடி புதிதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு விளிம்பிலும் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சதோஷி சகாய் என்ற ஆய்வாளர் இதே தத்துவத்தில் ஒரு நிழற்கூரையை உருவாக்கினார். பெரிய வடிவத்துக்குள் அதே வடிவம் சிறிதாக, அதற்குள் இன்னும் சிறிதாக என்று அடுக்கிக்கொண்டே போகும் கணித உருவங்களில் ஒன்று சியர்பின்ஸ்கி நான்முகி. அந்த உருவத்தில் சின்னச் சின்னத் தகடுகளை அமைத்தார். பெரிய தகடு சூடேறும் வெயிலில் இந்தச் சிறு தகடுகள் காற்றின் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. மரத்து இலைகளைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது. கீற்றுப் பந்தலை அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இலை அந்தப் பாடத்தின் மூலநூல். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடுத்த அகச்சிவப்பில் இருக்கிறது. பசுமையான இலை உணவு தயாரிக்கத் தேவையான ஒளியை நன்றாக வாங்கிக்கொள்கிறது. தனக்கு உதவாத அந்த அகச்சிவப்பில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அல்லது ஊடுருவிப் போக விடுகிறது. நம் கண்ணுக்கு அகச்சிவப்பு தெரிந்தால் வேப்பமரம் வெயிலில் வெள்ளைவெளேரென்று நிற்கும். வேண்டாத வெப்பத்தை வாங்காமலே விடுவது ஒரு வித்தை. வாங்கியதை நீராவியாக வெளியேற்றுவது இன்னொரு வித்தை. நன்கு வளர்ந்த பெரிய மரம் வேரில் நீர் இருந்தால் ஒரே நாளில் 100 லிட்டருக்கு மேல் ஆவியாக்கிவிடும். 100 லிட்டர் என்பது சுமார் 67 யூனிட் வெப்பம். ஒன்றரை டன் ஏசி அவ்வளவு வெப்பத்தை அகற்ற ஏறத்தாழ 13 மணி நேரம் ஓட வேண்டும். அந்தக் குளிர்ச்சி முழுவதும் மரத்தடிக்கே கிடைத்துவிடாது, காற்றோடு கலந்து போகும். ஆனால் இலை சூடேறாமல் இருக்க அது போதும். ஆயிரக்கணக்கான இலைகளும் காற்றின் சூட்டிலேயே நிற்பதால் அடியில் இருப்பவருக்குத் தலைக்கு மேலே தகிக்கும் பரப்பு ஒன்றுமே இல்லை. புங்க மரத்தடியும் வேப்ப மரத்தடியும் ஷீட்டு நிழலும் பெயருக்குத்தான் ஒரே நிழல்.

நிழல் எங்கே விழும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பந்தல் போட்ட பலர் அதில் ஏமாந்துபோகிறார்கள். தமிழ்நாடு வடக்கே 8 முதல் 13 டிகிரி அட்சரேகைக்குள் இருப்பதால் சித்திரையில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது பந்தல் அளவுக்கு நிழல் பந்தலடியிலேயே கிடைக்கும். ஆனால் நாம் வெளியே வந்து உட்காருவது மாலை 4 மணிக்கு. மே மாதத்தில் சென்னையில் அந்நேரம் சூரியன் மேற்கு வானில் சுமார் 33 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டால், 10 அடி உயரப் பந்தலின் நிழல் 15 அடி தள்ளிக் கிழக்கே போய் விழுகிறது. 10 அடி அகலப் பந்தலின் கீழே தரையில் ஒரு துளி நிழல்கூட மிஞ்சாது. ஆகவே மேலே ஒரு கூரை எவ்வளவு முக்கியமோ, மேற்கே ஒரு மறைப்பு அதற்கும் மேல் முக்கியம். மேற்குப் பக்கம் தொங்கும் ஒரு மூங்கில் தட்டி, ஓலைத் தட்டி, கொடி படர்ந்த கம்பிவலை ஆகியவற்றில் எது இருந்தாலும் மாலை நம் வசமாகும். மரம் நடுவதானாலும் மேற்கே நடுவதுதான் நியாயம்.

தரை பற்றி இன்று எல்லோரும் சொல்லும் யோசனை, வெள்ளையாக்கு என்பது. மாடித் தளத்துக்கு அது முழுக்கச் சரி. புதிதாகப் பூசிய சுண்ணாம்பு வெயிலில் 10 பங்குக்கு 8 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கீழே உள்ள அறை பிழைக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் அறிவித்த வெள்ளைப் பூச்சு சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் திருப்பி அனுப்பிய ஒளி எங்கே போகிறது? அங்கே ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் மேல்தான் விழும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தெருக்களுக்கு வெளிர்நிறப் பூச்சு அடித்த பிறகு, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏரியன் மிடலும் சக ஆய்வாளர்களும் கருவிகள் பொருத்திய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அளந்தார்கள். தரையின் சூடு குறைந்திருந்தது. நண்பகலில் அங்கே நடப்பவர் உணரும் கதிர்வீச்சு வெப்பநிலையோ சுமார் 4 டிகிரி ஏறியிருந்தது. யாரும் உட்காராத கூரைக்கு வெள்ளை. உட்காரும் இடத்தைச் சுற்றி வெயில் படும் தரைக்குப் புல்லோ செடியோ என்பதே என் தீர்ப்பு.

சாயங்காலம் முற்றத்தில் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்துக்கு வருவோம். 100 சதுர அடி சிமெண்டுத் தரையின் மேல் 2 அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அதை 1 டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 1,000 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 10 லிட்டர் வாளி ஒன்றைத் தெளித்து அது முழுவதும் ஆவியானால் 24,000 கிலோஜூல் போகிறது. அதில் ஒரு பகுதி காற்றிலிருந்தும் அடிமண்ணிலிருந்தும் வந்தாலும், ஒரே வாளியில் தரையின் தகிப்பு அடங்கிவிட இது தாராளமாகப் போதும். இதையே நண்பகலில் செய்தால்? 1,000 வாட் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை அந்தத் தரை உறிஞ்சுகிறது என்றால், தண்ணீர் எடுத்துப்போன வெப்பம் முழுவதையும் சூரியன் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு திருப்பி ஊற்றிவிடும். தெளிக்கும் நேரத்தை வெயில் தாழ்ந்த பிறகு என்று வைத்தவர்கள் தண்ணீரை வீணாக்காதவர்கள். தண்ணீர் தேங்கும்படி ஊற்றினாலும் பயனில்லை. மெல்லியதாகப் பரவி ஆவியாக வேண்டும்.

ஆவியாக்கிக் குளிர்விப்பதில் கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் வெவ்வேறு நீதி. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றில் எவ்வளவு தூரம் இறங்குமோ அதை 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்பார்கள். தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பதில் அதுதான் கடைசி எல்லை. மதுரையிலோ வேலூரிலோ காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அந்த எல்லை 24 டிகிரி அளவில் இருக்கிறது. இறங்க 16 டிகிரி இடம் உண்டு. சென்னையில் கடற்காற்று வந்த பிறகு 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் எல்லை 30 டிகிரி. இறங்க 5 டிகிரிதான் இடம். காற்று வரும் பக்கம் நனைத்த வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிடுவது உள்நாட்டில் பெரும் சுகம். கடற்கரையில் வாசனைதான் மிச்சம். உணவகங்களில் மேலிருந்து பனி போல் நீர் தூவும் குழாய்களுக்கும் இதே விதிதான். அவற்றில் துளியின் அளவு உயிர்நாடி. துளியின் விட்டம் 2 மடங்கானால் அது ஆவியாகும் நேரம் 4 மடங்கு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி வறண்ட காற்றில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மறைந்துவிடும். அதைவிட 10 மடங்கு பெரிய துளிக்கு 100 மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் அது நம் சட்டையில் விழுந்து நனைத்துவிடும். மலிவான தூவிகள் ஆளை நனைப்பதும், உயர் அழுத்தத்தில் இயங்கும் பம்புகள் விலையேறியவையாக இருப்பதும் இதனால்தான்.

கடற்கரைக்காரர்களுக்குக் கைகொடுப்பது மின்விசிறி. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கி, வியர்வை ஆவியாக இடம் செய்கிறது. விநாடிக்கு 1 மீட்டர் காற்றோட்டம் 2, 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். ஆனால் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடம்பைச் சூடாக்கத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. குறிப்பாக முதியவர்களுக்கு வியர்வை குறைவு. கத்திரி வெயில் உச்சத்தில் அவர்களை விசிறியடியில் உட்காரவைத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது.

இரவில் விதிகள் தலைகீழாகின்றன. பகலில் எதிரியாக இருந்த வானம் இப்போது நண்பன். நம் காற்றுமண்டலம் அகச்சிவப்பில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை ஓரளவு திறந்த ஜன்னலாக இருக்கிறது. அந்த ஜன்னல் வழியாகத் தரையின் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போகிறது. வறண்ட, மேகமில்லாத இரவில் ஒரு சதுர மீட்டரிலிருந்து 50 முதல் 100 வாட் வரை இப்படி வெளியேறும். ஈரக்காற்று ஜன்னலைப் பாதி மூடிவிடுவதால் கடற்கரையில் இது குறைவு. அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் மக்கள் பனிக்கட்டி தயாரித்ததை ராபர்ட் பார்க்கர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆழமில்லாத மண் சட்டிகளில் தண்ணீர். அடியில் தரைச்சூடு ஏறாமலிருக்கக் காய்ந்த கரும்புத் தட்டை. மேலே திறந்த வானம். காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலும் சட்டியில் பனிக்கட்டி படிந்தது. ஆவியாதலும் வானுக்குக் கதிர்வீசுவதும் சேர்ந்து செய்த வேலை அது.

அப்படியானால் பகலில் காப்பாற்றிய பந்தலே இரவில் தடை. தரைக்கும் வானத்துக்கும் நடுவே நின்று அந்த ஜன்னலை அது மூடிவிடுகிறது. மதீனாவில் நபிகள் மசூதியின் வெளிமுற்றத்தில் நிற்கும் 250 ராட்சதக் குடைகள் இந்த முரண்பாட்டைத் தீர்த்துவைக்கின்றன. பகலில் விரிந்து நிழல் தருகின்றன. வெயில் போனதும் மடங்கித் தரையை வானத்துக்குத் திறந்துவிடுகின்றன. நம் மாடியில் அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். கயிற்றில் ஓடும் நிழல்வலையை மாலையில் இழுத்து ஒதுக்கினால் அதே வேலை நடந்துவிடும். வலையாகவே இருப்பதால் சூடான காற்று மேலே தங்காமல் வெளியேறும். ஓலைக்கு அடுத்து நான் வலையைத்தான் சொல்வேன். ஏற்கெனவே ஷீட்டு போட்டாகிவிட்டது என்றால் அதன் மேல் ஓர் அடி இடைவெளி விட்டு வலையோ கீற்றோ கட்டுங்கள். ஷீட்டு வெயிலைப் பார்க்காவிட்டால் நம்மைச் சுடாது.

கீற்றுக்கு ஒரே ஒரு குறை, பெரிய குறை: தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனதை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. கீற்றுக் கொட்டகைக்குள் அடுப்பும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், தொங்கும் மின்கம்பியும் வேண்டாம். தீபாவளிக்கு முன்பே அதைப் பிரித்துவிடுவது நல்லது.

தீக்கும் பயப்படாமல், ஆண்டுதோறும் மாற்றி வேயாமல் நிற்கும் பந்தல் மரம் ஒன்றுதான். இடம் இருப்பவர்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு புங்கங்கன்றோ வேப்பங்கன்றோ வாங்கி, வருகிற ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு அது தன் வேரைத் தானே பார்த்துக்கொள்ளும்.